ஹெலிகாப்டரை வேறொரு விமானமாக நடிக்க வைப்பது எதற்கு?

லாஸ்பேட்டை மாணவன் | திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். இறுதியாண்டுக் கருத்தரங்கில் ‘பறக்கும் சிமுலேட்டர்கள்’ பற்றிப் பேசப் போகிறேன். குறிப்பாக, செங்குத்தாக எழும்பும் விமானங்களையும் குறுகிய ஓட்டத்தில் எழும்பும் விமானங்களையும் ஆராய உருவானவை.

கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1960களில் ஒட்டாவாவில் ஒரு பெல் 47 ஹெலிகாப்டரை இதற்காக மாற்றியமைத்தது. பின்னர் அதைவிடப் பெரிய பெல் 205ஏ-1 அந்த இடத்துக்கு வந்தது. அதில் இரண்டு விமானிகள் உட்காருவார்கள். ஒருவர் பாதுகாப்பு விமானி; அவருடைய கட்டுப்பாடுகள் வழக்கம்போல ரோட்டருடன், அதாவது மேலே சுழலும் இறக்கையுடன், இணைந்திருக்கும். மற்றவர் மதிப்பிடும் விமானி. அவர் கட்டுப்பாட்டுத் தண்டை அசைத்தால் அது மின் சமிக்ஞையாகக் கணினிக்குப் போகும். இன்னும் கட்டப்படாத ஒரு விமானம் அந்த அசைவுக்கு எப்படித் திரும்பியிருக்கும் என்று கணினி கணக்கிட்டு, ஹெலிகாப்டரை அப்படியே திரும்ப வைக்கும். வரைபடத்தில் மட்டும் இருக்கும் விமானத்தை ஆகாயத்தில் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

ஒத்திகையின்போது ஆசிரியர் ஒரே கேள்வி கேட்டார்: “தரையிலேயே சிமுலேட்டர் கட்டலாமே, மேலே ஏன் போக வேண்டும்?” மேலே போனால் இயல்பாக இருக்கும் என்றேன். “எதில் இயல்பு, எவ்வளவு இயல்பு?” என்றார். அடுத்த வாரம் மறுபடியும் பேச வேண்டும். இந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் வேண்டும்.

வில்லியனூர் கணக்கர் | திங்கள், இரவு 10.15

இந்த மன்றத்தில் எல்லோரும் விமானப் பித்தர்கள் என்பதால் எதிர்க்கட்சி வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஆசிரியர் கேட்டது சரியான கேள்வி. ஒரு ஹெலிகாப்டர், இரண்டு விமானிகள், எரிபொருள், பராமரிப்பு, காப்பீடு, மழை வந்தால் ஒத்திவைப்பு. தரைச் சிமுலேட்டரில் காலை முதல் மாலை வரை நூறு முறை விழுந்து எழலாம். செலவுக்கு ஏற்ற பலன் என்ன என்பதை யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ‘பறக்கும் உணர்வு’ என்று மட்டும் எழுதாதீர்கள்.

மணவெளி | திங்கள், இரவு 11.05

உணர்வு என்ற சொல்லைத் தொடாமலே பதில் சொல்ல முடியும்.

தரைச் சிமுலேட்டரின் அறை எவ்வளவு தூரம் நகர முடியும்? உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று கலிபோர்னியாவில் நாசா ஏம்ஸ் மையத்தில் இருக்கும் செங்குத்து அசைவுச் சிமுலேட்டர். அது மேலும் கீழுமாக 60 அடி, அதாவது ஏறத்தாழ 18 மீட்டர் போகும். பக்கவாட்டில் 40 அடி. பத்து மாடிக் கட்டடம் அளவுக்கு ஒரு கூடம் கட்டினால்தான் அதுவே சாத்தியம். சாதாரண ஆறுகால் மேடைகளுக்கு ஓரிரு மீட்டர்தான். ஆகவே விமானி ‘முன்னே போ’ என்றதும் அறை சட்டென்று ஒரு தள்ளு தள்ளிவிட்டு, அவருக்குத் தெரியாதபடி மெல்லப் பின்வாங்கி நடுவுக்கு வந்துவிடும். கண்ணுக்குத் திரை ஒன்று சொல்லும், உள்காதுக்கு மேடை வேறொன்று சொல்லும். பயணிகள் விமானத்தில் வானில் நேராகப் போகும்போது இது பெரிய குறையில்லை. தரைக்குப் பத்தடி மேலே நகராமல் நின்றுகொண்டு, காற்றுக்கு ஈடுகொடுத்துக் கையைத் திருத்திக்கொண்டே இருக்கும் விமானிக்கு, உடல் அறியும் அந்தச் சிறு அசைவுதான் முதல் தகவல். அதைப் பொய்யாகக் கொடுத்தால் அவர் தரும் மதிப்பீடும் பொய்யாகும்.

இரண்டாவது, தாமதம். 1977 அக்டோபர் 26 அன்று எண்டர்பிரைஸ் என்ற விண்ணோடத்தின் சோதனைப் பிரதி எட்வர்ட்ஸ் தளத்தில் தரையிறங்கியபோது, விமானியின் திருத்தமும் விமானத்தின் அசைவும் ஒன்றையொன்று துரத்தி ஆட்டம் கண்டது. விமானி தூண்டும் அலைவு என்பார்கள். அதற்குப் பிறகு நாசா, எஃப்-8 போர் விமானத்தின் கணினிக் கட்டுப்பாட்டில் வேண்டுமென்றே மில்லிவினாடிக் கணக்கில் தாமதங்களைச் சேர்த்து 1978இல் தரையிறக்கிப் பார்த்தது. தாமதம் கூடக்கூட, ஓடுபாதையை நெருங்கும் கடைசி நொடிகளில் அதே ஆட்டம் வெளிப்பட்டது. தரைச் சிமுலேட்டரில் இது அவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை. உண்மையான ஓடுபாதை உண்மையாக மேலே ஏறி வரும்போதுதான் விமானியின் கை இறுகுகிறது. கை இறுகினால்தான் மறைந்திருக்கும் குறை வெளியே வருகிறது.

கணக்கர் ஐயா, செலவுக்குப் பலன் இதுதான். விமானத்தைக் கட்டி முடிப்பதற்கு முன்பே அந்தக் குறையைப் பிடித்துவிடலாம்.

முத்தியால்பேட்டை | செவ்வாய், காலை 7.20

இதெல்லாம் நல்லது. நம் புதுச்சேரி விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். நீட்ட வேண்டுமானால் தமிழ்நாட்டு நிலம் வேண்டும். பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. 2024 டிசம்பரில் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் ஏ.டி.ஆர். என்ற சிறு பயணிகள் விமானம் வந்ததே பெரிய காரியம். குறுகிய ஓட்டத்தில் எழும்பும் பெரிய விமானம் வந்தால் இந்த நிலப் பிரச்சினையே இருக்காதே? நெய்வேலியிலும் ஓடுபாதை இருக்கிறது.

மணவெளி | செவ்வாய், காலை 8.02

அந்தக் கனவை 1970களில் உலகம் முழுக்கக் கண்டார்கள். நாசா, கனடாவின் டி ஹாவிலாண்ட் பஃபலோ விமானத்தின் உடலில் நான்கு ஜெட் எஞ்சின்களை இறக்கைக்கு மேலே வைத்து ஒரு ஆய்வு விமானம் செய்தது. எஞ்சினின் காற்று இறக்கையின் மேற்பரப்பைத் தழுவிக் கீழ்நோக்கி வளையும். மெதுவாகப் பறந்தாலும் தூக்குவிசை குறையாது. 1980இல் அது கிட்டி ஹாக் விமானந்தாங்கிக் கப்பலில், பிடித்து நிறுத்தும் கம்பியும் இல்லாமல், எறிந்து விடும் பொறியும் இல்லாமல், இறங்கி எழுந்து காட்டியது. ஜப்பான் அதே வழியில் ‘அசுகா’ என்று ஒன்றை 1985இல் பறக்கவிட்டது. இரண்டுமே பயணிகள் சேவைக்கு வரவில்லை. தூக்குவிசைக்காக எஞ்சினை நம்பியிருக்கும் விமானத்தில் ஒரு எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும், எரிபொருள் கணக்குக்கும் விமான நிறுவனங்கள் சம்மதிக்கவில்லை.

நெறியாளர் | செவ்வாய், காலை 8.30

ஓடுபாதை நீட்டிப்புக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே ஏற்கெனவே போதுமான சண்டை நடக்கிறது. இங்கே சிமுலேட்டர் மட்டும்.

கெடிலக்கரை | செவ்வாய், மதியம் 2.10

மாணவத் தம்பிக்கு. நான் கடற்படையில் பணியாற்றியவன். கோவாவில், அந்தரத்தில் நிற்கக்கூடிய சீ ஹாரியர் ஜெட் போர் விமானங்களின் பராமரிப்பில் இருந்தேன். இப்போது கடலூரில் ஓய்வு. ஓட்டியவன் அல்லன், ஆனால் அந்த விமானி அறைக்குள் தலையை விட்டு வேலை செய்தவன்.

ஹாரியர் விமானியின் வலது கையில் தண்டு. இடது கையில் திராட்டில், எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல். திராட்டிலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு நெம்புகோல். எஞ்சினின் நான்கு தாரைக் குழாய்களும் பின்னோக்க வேண்டுமா, கீழ்நோக்க வேண்டுமா என்பதை அதுதான் தீர்மானிக்கும். ஆக மூன்று வேலை, இரண்டு கை. வேகத்தைக் குறைத்து அந்தரத்தில் நிற்கும் நிலைக்கு வரும்போது இடது கை இரண்டு நெம்புகோல்களுக்கும் நடுவே தாவிக்கொண்டே இருக்கும். அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இதைச் சரிசெய்யத்தான் பிரிட்டனில் பெட்ஃபோர்டு ஆய்வு மையம் இரட்டை இருக்கை ஹாரியர் ஒன்றை, எக்ஸ்டபிள்யூ175 என்ற எண் கொண்டது, பறக்கும் சிமுலேட்டராக்கியது. முன் இருக்கையில் பாதுகாப்பு விமானி, பழைய கட்டுப்பாடுகளோடு. பின் இருக்கையில் மதிப்பிடுபவர், கணினி வழியாக. பல ஏற்பாடுகளைப் பரீட்சித்தார்கள். அவற்றில் ஒன்று, வலது கைத் தண்டை இழுத்தால் எப்போதும் மேலே, தள்ளினால் எப்போதும் கீழே. இடது கைப்பிடி எப்போதும் வேகத்துக்கு. விமானம் இறக்கையின் பலத்தில் பறக்கிறதா, தாரையின் பலத்தில் நிற்கிறதா என்பது விமானியின் கவலை இல்லை. குழாய்களை எங்கே திருப்புவது என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

அனுபவப்பட்ட ஹாரியர் விமானிகளுக்கு முதலில் இது ஒவ்வவில்லை. அந்தரத்தில் நிற்கும்போது தண்டை இழுத்தால் மூக்குத் தூக்க வேண்டும், விமானம் உயரக் கூடாது என்று அவர்கள் கை பழகியிருந்தது. ஹாரியரையே தொடாத விமானிகளுக்கோ சீக்கிரம் பிடிபட்டது. இந்த முரணைக் காகிதத்தில் வாதிட்டு முடித்திருக்க முடியுமா? பல விமானிகளை உண்மையான ஜெட்டில் உட்காரவைத்து இறக்கிப் பார்த்ததால்தான் முடிந்தது. செங்குத்தாக இறங்கும் இன்றைய எஃப்-35பி போர் விமானம் அந்த ஏற்பாட்டின் வாரிசுதான். அதே ஹாரியர் 2005இல் இன்வின்சிபிள் கப்பலில் தானாகவே இறங்கியும் காட்டியது.

வில்லியனூர் கணக்கர் | செவ்வாய், இரவு 9.00

கெடிலக்கரை ஐயாவின் பதிவு அருமை. இருந்தாலும் என் கணக்கு தீரவில்லை. இரண்டு கேள்வி.

ஒன்று: மணவெளி சொன்னதுபோலத் தரை நெருங்கும்போதுதான் கை இறுகும் என்றால், சோதனையைத் தரைக்கு அருகில் செய்ய வேண்டும். அங்கே ஏதாவது தவறினால் பாதுகாப்பு விமானிக்கு மீட்க நேரமில்லை. பாதுகாப்புக்காக ஆயிரம் அடி மேலே போய்ச் செய்தால் கை இறுகாது. அப்படியானால் அதையும் தரைச் சிமுலேட்டரிலேயே செய்துவிடலாமே?

இரண்டு: நிலவில் இறங்கப் பழகுவதற்காக அமெரிக்கர்கள் செய்த பறக்கும் கட்டில் வகையறாவைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஐந்தில் மூன்று நொறுங்கின. ஆம்ஸ்ட்ராங்கே 1968 மே 6 அன்று குதித்துத் தப்பினார். இதுவா பாதுகாப்பான ஆய்வு முறை?

லாஸ்பேட்டை மாணவன் | செவ்வாய், இரவு 9.25

கணக்கர் ஐயாவின் முதல் கேள்வியை ஆசிரியர் கட்டாயம் கேட்பார். யாராவது காப்பாற்றுங்கள்.

மணவெளி | செவ்வாய், இரவு 11.40

முதல் கேள்விதான் இந்த இழையில் இதுவரை வந்தவற்றில் கனமானது.

ஹெலிகாப்டரைத் தேர்ந்தெடுப்பதன் காரணமே இதுதான். பெல் 205ஐ அந்தரத்தில் நிறுத்துவது பாதுகாப்பு விமானிக்கு அன்றாட வேலை. கணினி நடிப்பை நிறுத்திய அந்தக் கணமே அவர் கையில் இருப்பது தெரிந்த, நிதானமான ஹெலிகாப்டர். நடிக்கப்படும் விமானம் எவ்வளவு முரடாக இருந்தாலும் நடிக்கும் விமானம் சாதுவானது. மேலும் இத்தகைய விமானங்களில், கணினியின் கட்டளைக்கு ஏற்பப் பாதுகாப்பு விமானியின் தண்டும் கூடவே அசையும் ஏற்பாடு உண்டு. கையை அதன்மேல் லேசாக வைத்திருந்தால், கணினி என்ன செய்கிறது என்பது உடனே கைக்குத் தெரியும். விமானம் திரும்பிய பிறகுதான் தெரியும் என்பதில்லை. வரம்பு மீறினால் கணினி தானாகவே விடுபடும். அவர் பொத்தானை அழுத்தியும் விடுவிக்கலாம். முதலில் உயரத்தில் ஓட்டி, நம்பிக்கை வந்த அமைப்புகளை மட்டும் படிப்படியாகக் கீழே கொண்டுவருவார்கள். ஆபத்து அறவே இல்லை என்று சொல்லமாட்டேன்.

இரண்டாவது கேள்விக்கு: நிலவு வாகனத்தின் கதை வேறு. ஒரு டர்போஃபேன் எஞ்சின் எடையில் ஆறில் ஐந்து பங்கைச் சுமந்தது. மீதிப் பங்கை ஹைட்ரஜன் பெராக்சைடு ராக்கெட்டுகள் தாங்கின. நிலவின் ஈர்ப்பில் தரையிறங்கும் வாகனம் எப்படிச் சாய்ந்து நகரும் என்பதைப் பூமியில் காட்ட அதுதான் வழி. அதில் திரும்பிப் போக சாதுவான விமானம் எதுவும் இல்லை. பாதுகாப்பு விமானிக்கு இருக்கையும் இல்லை. ஆனால் நொறுங்கிய மூன்றிலும் விமானிகள் பிழைத்தார்கள். நாசா மேலதிகாரிகள் நிறுத்திவிடலாம் என்று பார்த்தபோது, வேண்டும் என்று நின்றவர்கள் நிலவுக்குப் போக இருந்தவர்களே.

தேவனாம்பட்டினம் | புதன், காலை 6.15

விமானம் தெரியாது, காற்று தெரியும். உப்பனாறு முகத்தில் எதிர்நீரோட்டத்தில் படகை ஓரிடத்தில் நிறுத்திப் பார்த்தவர்களுக்கு ‘நகராமல் நிற்பது’ எவ்வளவு வேலை என்பது புரியும். என் சந்தேகம் ஒன்றுதான். மே மாதம் மதியத்துக்குமேல் கடற்காற்று திரும்பும்போது அது ஒரு சீராக வருவதில்லை; விட்டுவிட்டு வரும், திசையும் மாறும். அந்தரத்தில் நிற்கும் விமானத்துக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பது எப்படித் தெரியும்?

மணவெளி | புதன், காலை 9.30

ஆய்வாளர்களைப் பல காலம் அலைக்கழித்த கேள்வி இது. சாதாரண விமானம் பிட்டோ குழாய் வழியாக வேகத்தை அளக்கும். முன்பக்கமிருந்து காற்று வலுவாக மோதினால்தான் அது சரியாகச் சொல்லும். மிகக் குறைந்த வேகத்தில் அழுத்த வேறுபாடு அற்பமாகிவிடும். பக்கவாட்டிலோ பின்னாலிருந்தோ வந்தால் ஒன்றும் சொல்லாது. ஆனால் பறக்கும் சிமுலேட்டருக்கு அந்த எண் கட்டாயம் தேவை, ஏனென்றால் நடிக்க வேண்டிய விமானத்தின் சமன்பாடுகளில் காற்றின் வேகம் எல்லா இடத்திலும் இருக்கிறது.

பெல் எக்ஸ்-22ஏ என்று ஒன்று இருந்தது. வளையத்துக்குள் சுழலும் நான்கு விசிறிகள், நான்கும் மேல்நோக்கியும் முன்நோக்கியும் சாயும். 1966இல் முதல் பிரதி ஹைட்ராலிக் கோளாறால் சேதமானது. இரண்டாவது பிரதி பஃபலோ நகரத்தின் கால்ஸ்பான் ஆய்வகத்தில் 1980கள் வரை பறக்கும் சிமுலேட்டராக உழைத்தது. அதற்காகவே ஒரு கருவி செய்தார்கள். ஒரு கம்பு, இரு முனையிலும் சிறு குழாய்கள், கம்பு வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். காற்றை எதிர்த்துச் செல்லும் முனையில் ஒரு அழுத்தம், காற்றோடு போகும் முனையில் வேறு அழுத்தம். வேறுபாடு எவ்வளவு என்பது வேகத்தைச் சொல்லும், சுற்றில் எந்த இடத்தில் அது உச்சத்தைத் தொடுகிறது என்பது திசையைச் சொல்லும். எந்தப் பக்கக் காற்றானாலும் அளக்கும்.

தேவனாம்பட்டினம் | புதன், மதியம் 12.50

கம்பு சுற்றுவது புரிந்தது. நன்றி.

கெடிலக்கரை | புதன், மாலை 4.00

தம்பி, பெருமையை மட்டும் பேசிவிட்டு இறங்காதே. ஹெலிகாப்டரால் நடிக்க முடியாதவற்றையும் சொல். ஜெட் தாரை தரையில் மோதித் திரும்பும்போது அடிவயிற்றுக்குக் கீழே காற்று விலகி, விமானத்தைக் கீழே உறிஞ்சும். சூடான வாயு எஞ்சின் வாய்க்குள் மறுபடி நுழைந்தால் விசை குறையும். ஹாரியரில் இவை இரண்டும் வாழ்க்கைப் பிரச்சினை. ரோட்டரின் கீழ்க்காற்று இதற்கு நேர்மாறாகத் தரைக்கு அருகில் உதவி செய்யும். இதை எந்தக் கணினியும் மறைக்க முடியாது.

மணவெளி | புதன், மாலை 5.20

கூடவே இன்னொன்று. விமானத்துக்கு ஆறு வகை அசைவு: மூன்று சுழற்சி, மூன்று நகர்ச்சி. பெல் 205 நான்கைத்தான் தனித்தனியாக ஆள முடியும்: மூக்கு ஏற்றம், பக்கச் சாய்வு, திசைத் திருப்பம், மேல்-கீழ். சாயாமல் முன்னே போ என்றால் அதனால் முடியாது. தாரையைத் திருப்பி உடலைச் சாய்க்காமலே முன்னேறும் விமானத்தை அது முழுமையாக நடிக்காது. ஆறையும் ஆளும் பறக்கும் சிமுலேட்டர் இருந்தது. கால்ஸ்பானின் சி-131 விமானம். ஆனால் அது இறக்கை விமானம், அந்தரத்தில் நிற்காது. நாசா ஏம்ஸில் 1981 வரை பறந்த எக்ஸ்-14 உண்மையான ஜெட், தாரையில் நிற்கும், சாய்க்கும் விசையைக் கூட்டிக் குறைத்து விமானிக்கு எவ்வளவு போதும் என்று அளந்தார்கள். ஆனால் ஒற்றை இருக்கை, பாதுகாப்பு விமானிக்கு இடமில்லை. (அதன் இறக்கை ஒரு பீச்கிராஃப்ட் பொனான்சாவினுடையது, வால் இன்னொரு பயிற்சி விமானத்தினுடையது. பழைய இரும்புக் கடைக்காரர் மனம் குளிரும் வடிவமைப்பு.) எல்லாம் தெரிந்த ஒரே சிமுலேட்டர் கிடையாது. எந்தக் கேள்வியைக் கேட்கிறோமோ அதற்கு ஏற்ற பொய்யைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வில்லியனூர் கணக்கர் | புதன், இரவு 8.45

‘ஏற்ற பொய்’. தணிக்கைக்காரனிடம் இப்படிப் பேசினால் எழுந்து போய்விடுவான். சரி, நம் நாட்டுக்கு வருவோம். நமக்கு இதனால் என்ன?

மணவெளி | புதன், இரவு 10.30

தேஜஸ். இயல்பில் நிலையற்ற விமானம், கணினி இல்லாமல் பறக்காது. அதன் கட்டுப்பாட்டு மென்பொருளை 1996இல் அமெரிக்காவில் எஃப்-16 விஸ்டா என்ற பறக்கும் சிமுலேட்டரில் ஏற்றிப் பறந்து பார்த்தார்கள். தேஜஸ் தானே முதலில் பறந்தது 2001 ஜனவரி 4 அன்று. நடுவே 1998இல் அணுகுண்டுச் சோதனை, அமெரிக்கத் தடை, ஒத்துழைப்பு அறுந்தது. அடுத்தவர் வீட்டுச் சிமுலேட்டரை நம்பியிருந்தால் வரும் விலை அது. கணக்கர் ஐயா அதையும் ஏட்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

ஜப்பான் இதைத் தன் வீட்டிலேயே செய்துகொண்டது. அவர்களுடைய விண்வெளி, விமான ஆய்வு முகமை டோர்னியர் 228 விமானத்தைப் பறக்கும் சிமுலேட்டராக மாற்றியது. அதே டோர்னியர் 228ஐக் கான்பூரில் நாமே கட்டுகிறோம். கடலோரக் காவல்படையின் டோர்னியர் நம் கரை ஓரமாகப் போவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

வில்லியனூர் கணக்கர் | வியாழன், காலை 7.10

1998 கணக்கை ஏற்கிறேன். ஆனால் இனி வரப்போவது மின்சார வான் டாக்சிகள். சென்னை ஐஐடியில் தொடங்கிய ஈபிளேன் நிறுவனம் போன்றவை. அவற்றில் எட்டோ பத்தோ மோட்டார், எல்லாம் கணினி. விமானி ‘அங்கே போ’ என்றால் போகும். விமானியின் கை இறுகுவதே இல்லாத இடத்தில் கையை அளக்கும் கருவி எதற்கு? 1960களின் கேள்விக்கு 1960களின் விடை என்றே எனக்குப் படுகிறது.

கெடிலக்கரை | வியாழன், காலை 10.00

கணினி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்வரை நீங்கள் சொல்வது சரி. இரண்டு மோட்டார் நின்று, குறுக்குக் காற்றில், மொட்டை மாடித் தளத்தில் இறங்க வேண்டிய நிமிடத்தில் அந்த விமானம் எப்படி நடந்துகொள்ளும், உள்ளே இருப்பவர் என்ன செய்வார்? அந்த நிமிடத்தை உண்மை விமானத்தில் முதன்முதலாகச் சந்திக்கக் கூடாது. விமானி திறமை குறைந்தவராக இருந்தாலும் போதும் என்று சொல்லித்தானே அவற்றை விற்கிறார்கள்? அப்படியானால் இன்னும் கூடுதலாகச் சோதிக்க வேண்டும்.

மணவெளி | வியாழன், காலை 10.45

இதில் நான் நடுவில் நிற்கிறேன். சாதாரண நிலைக்குத் தரைச் சிமுலேட்டரும் சிறு மாதிரிகளும் போதும். கணக்கர் ஐயா பக்கம் நியாயம் உண்டு. கோளாறு நிலைகளுக்கு, குறிப்பாகத் தரைக்கு அருகில், பறந்துதான் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் விண்வெளி மையம் இசி 135 ஹெலிகாப்டரையும் கனடா பெல் 412ஐயும் பறக்கும் சிமுலேட்டராக்கியது 1960களில் அல்ல.

வில்லியனூர் கணக்கர் | வியாழன், மதியம் 1.30

நடுவில் நிற்பவருக்கு ஓட்டு கிடைக்காது. கோளாறு நிலை என்ற ஒரு தலைப்புக்கு மட்டும் நிதி ஒதுக்கலாம் என்று குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். மற்றதற்கு மறுப்பு தொடர்கிறது.

லாஸ்பேட்டை மாணவன் | வியாழன், இரவு 9.15

அனைவருக்கும் நன்றி. ‘எதில் இயல்பு’ என்பதற்கு இனி உடல் அறியும் அசைவு, தாமதம், கை இறுக்கம் என்று பிரித்துச் சொல்வேன். ‘எவ்வளவு’ என்பதற்கு ஆறில் நான்கு என்பதும், ஜெட்டின் தரை விளைவு கிடையாது என்பதும். கடைசியாக ஒன்று: விமானி ‘நன்றாக இருக்கிறது’, ‘மோசம்’ என்று சொல்வதை எப்படி எண்ணாக்குகிறார்கள்?

மணவெளி | வியாழன், இரவு 10.20

கூப்பர்-ஹார்ப்பர் அளவுகோல், 1969. நாசா ஏம்ஸைச் சேர்ந்த கூப்பரும், கால்ஸ்பானின் முன்னோடியான கார்னெல் விமான ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்ப்பரும் அமைத்தது. விமானியிடம் நேராக எண்ணைக் கேட்பதில்லை. முதலில் கட்டுப்படுத்த முடிந்ததா? இல்லையென்றால் 10. முடிந்தது என்றால், தாங்கக்கூடிய உழைப்பில் வேலையைப் போதுமான அளவு செய்ய முடிந்ததா? இல்லையென்றால் 7 முதல் 9. ஆம் என்றால், திருத்தமே வேண்டாத அளவுக்குத் திருப்தியா? இல்லை என்றால் 4 முதல் 6, ஆம் என்றால் 1 முதல் 3. எண்ணைவிட விமானி கூடவே சொல்லும் விளக்கம் முக்கியம். அதை ஒலிப்பதிவு செய்துகொள்வார்கள்.

கெடிலக்கரை | வெள்ளி, காலை 6.40

அந்தக் கேள்விப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துப் போ, தம்பி. வகுப்பில் இரண்டு பேரைக் கூப்பிட்டு, கைப்பேசி ட்ரோன் விளையாட்டு ஏதாவது ஒன்றை ஓட்டச் சொல்லி எண் கேள். ஒருவன் 3 என்பான், இன்னொருவன் 7 என்பான். ஆசிரியர் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்பார். ஆகவே ஒரே சோதனைக்கு ஏன் பல விமானிகளை உட்காரவைக்கிறார்கள் என்பதற்கு முன்கூட்டியே பதில் தயார் செய்துகொள். ஹாரியர் பழகியவர்களும் பழகாதவர்களும் பற்றி நான் எழுதியது அங்கே உதவும்.